நடுவில் விழுந்த பந்துகள்

சென்ற வாரம் தொலைக்காட்சியில் ஆண்கள் இரட்டையர் டென்னிஸ் பார்த்தேன். கூட்டாளிகள் இருவரும் ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் பந்தால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொள்கிறார்கள். முதல் செட்டில் மட்டும் நாற்பத்திரண்டு முறை. நடுவே மின்சாரம் போனதில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

எங்கள் அப்பாவும் மாப்பிள்ளையும்கூடப் பேசிக்கொண்டுதான் ஆடினார்கள். வம்பே அதில்தான் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கள்ளக்குறிச்சியில் அதிகாரிகள் கிளப்பின் புற்றுமண் மைதானத்தில் வருடந்தோறும் கோப்பைப் போட்டி நடக்கும். தாலுக்கா ஆபீசில் எழுத்தராக இருந்த அப்பாவுக்குக் கரியாலூர் காட்டிலாகா ரேஞ்சர்தான் ஜோடி. அந்த வருடம் ரேஞ்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிளப் செயலாளர் எங்களைக் கேட்காமலேயே, கல்லூரியில் ஆடிய என் அக்காள் கணவரின் பெயரை எழுதிவிட்டார்.

அவரோ எங்கள் வீட்டுப் படியை மிதித்து நூற்றுப் பதினோரு நாளாகியிருந்தது. தலைதீபாவளிக்கு வந்தவரை அழைத்துவர அப்பா நேரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பியூனை அனுப்பினார். மரியாதை தெரியாத வீடு என்று அவர் அன்றே உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பிவிட்டார், அக்காவை விட்டுவிட்டு. நாட்களை எண்ணியது நான் மட்டுமல்ல.

ஆட்டத்துக்கு வர மட்டும் ஒப்புக்கொண்டார். பஸ்ஸிலிருந்து நேரே மைதானத்துக்கு.

"கப்பு போனா போவுது. மாப்ள மனசு கோணாம பாத்துக்குங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள்.

எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே சேலத்துக்காரர்கள் இருவர், ஊர் ஊராகப் போய்ப் பரிசுக்கு ஆடுகிறவர்கள். முதல் செட்டில் நடுவில் வந்த பந்தெல்லாம் நடுவிலேயே விழுந்தது.

"நீங்க எடுங்க மாப்ள."

"இல்ல மாமா, நீங்க எடுங்க."

பதினான்கு பந்துகள். வேலியோரம் ஒருவர் கத்தினார்: "இன்னா சார், பந்தியில உபசாரம் பண்ணிக்கினு இருக்கீங்க? அடிங்க சார்!" எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் காது சிவந்தது. செட் போனது, ஆறுக்கு இரண்டு.

இரண்டாவது செட்டில் கும்பிடு போடாத குறையாக எல்லாவற்றையும் அப்பா அவருக்கே விட்டுக்கொடுத்தார். மாப்பிள்ளை வெளுத்து வாங்கினார். ஆறுக்கு நான்கு, எங்களுக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு நான்கு. நாங்கள் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி. 

சேலத்துக்காரர் ஓங்கி அடித்தார். பந்து மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே பறந்தது. அவர் எம்பி மட்டையை உயர்த்தினார். அது வெளியே போகிற பந்து என்று பின்னால் நின்ற அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"டேய்! வுடுறா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. மட்டை இறங்கியது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நான்கு விரற்கடை, பிறகு நானே போய் அளந்தேன்.

ஜெயித்தும் யாரும் கைதட்டவில்லை. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "வாய் தவறிடுச்சி மாப்ள" என்று கைகூப்பினார். மாப்பிள்ளை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதான் வுட்டுட்டேனே மாமா!"

நான் வீட்டுக்கு ஓடினேன். மூன்று செட்டின் கணக்கையும் அக்காவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். இடையில் அப்பா கத்தியதையும் சொன்னேன்.

"அவுரயா? டேய்னா?" அக்கா எழுந்துவிட்டாள். "அவுரு மூஞ்சி எப்பிடி இருந்திச்சி?"

"சிரிச்சாரு."

"நெசமா சொல்லுடா."

"சாமி சத்தியமா. நிறுத்தவேயில்ல."

அவள் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் முதல் செட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

"அத வுடு. அப்பா எப்பிடிக் கத்துனாரு? இன்னொரு தபா கத்திக் காட்டு."

நான்கு முறை கத்திக் காட்டினேன். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.