பூசாரி திருநீறு என்று சொன்னேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் என் கணவர், நெய்ய உட்காரும் தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்றார். உள்ளே ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் எழுந்து போகட்டும் என்றார். ஒரு வாரம் தூங்கவில்லை. முதலில் திருப்புட்குழிப் பக்கம் ஒரு பூசாரியிடம் போனோம். திருநீறு கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் மெட்ராஸில் பைத்தியத்துக்குப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாலாஜாபாத்தில் என் தாய்வீட்டுக்குப் போவதாகத் தெருவில் சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவர் பழையபடி குழியில் இறங்கி நெய்தார். மாத்திரைகளை மிளகு டப்பாவில் வைத்திருந்தேன்.

பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று தெரிந்தால் அடுத்த சேலைக்கு நெய்யப் பாவு நூல் தரமாட்டார். பூசாரியால் குணமானது என்று எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்க நினைத்துக்கொண்டதை நான் மறுக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு ஒரே பெண். பதினேழு வயதில் பேச்சை நிறுத்தி, சோற்றைத் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். குழாயடியில் அவள் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, ஒளிக்காம சொல்லுக்கா. உங்க வூட்டுக்காரருக்கு எதுல நல்லாச்சு?”

“பூசாரி துன்னூறுதாம்மா” என்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பெண்ணை அழைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் மாதம் அந்தப் பெண்ணின் முன்கையில் பூசாரி வேப்பங்கழியால் அடித்த தழும்புகளைப் பார்த்தேன். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தெருவிலேயே சுருண்டு விழுந்தாள். தாய் தூக்கி நிறுத்தி மறுபடியும் நடத்தினாள். நான் பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. “நாலு மாசமா அடி வாங்கிக்கினு இருக்குது எம்பொண்ணு. நீ பாத்துக்கினுதான இருந்த?” என்றாள். பிறகு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டாள். எங்கள் விஷயம் தன் வாயால் வெளியே வராது என்றும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெண் ஓரளவு தேறி வந்தாள். சாப்பிட்டாள், தறிக்கு நூல் தார் சுற்றினாள். சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருடம் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒருத்தி, தன் தம்பிக்கு அதேபோல் ஆகி, குழாயடியில் எதிர்வீட்டுக்காரியிடம் வந்து என்ன வைத்தியம் என்று ரகசியமாகக் கேட்டாள். இவள் எல்லார் காதிலும் விழும்படி பதில் சொன்னாள்.

“மெட்ராஸ்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதாம்மா பாத்தோம். இன்னிக்கும் மாத்திரை துன்னுது. பூசாரிகிட்ட மட்டும் இட்டுக்கினு போயிடாத.”

ஒருத்தி தன் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் பார்த்தோம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள். என் குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நரம்பு டாக்டரிடம் போகிறோம் என்று எங்கள் தெருவிலேயே சாதாரணமாகச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பாவு ஒரு நாளும் நின்றதில்லை. எதிர்வீட்டுக்குத்தான் பெண் கேட்டு யாரும் வரவில்லை.