அண்ணன் குடோனில் தீப்பிடித்த செய்தி

என் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் வாங்கத் தெரியாது. சொத்தையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். ஆனால் செய்தியில் சொத்தை இருந்தால் படித்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். பத்திரிகை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கலாமில்லையா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சேனல் தடுமாறினாலும் கூப்பிடுவார்கள். போய் நிருபர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டு வருவார். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், வழி சொல்லுங்கள் என்று ஒரு முதலாளி கேட்டதற்கு, "முதல்ல கத்துறதை நிறுத்துங்க" என்றாராம். அந்த முதலாளியும் இவரை விடவில்லை.

போன வருஷம் திருவொற்றியூரில் என் அண்ணனின் எண்ணெய்க் குடோன் தீப்பிடித்தது. வேலையாள் ஒருவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அவர் பீடி பிடித்ததால்தான் தீ, பின்கதவு திறந்துதான் இருந்தது, ஓடாமல் நின்றது அவர் தப்பு என்று அண்ணன் அந்த முதலாளியின் சேனலிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த மனிதர் சொன்னது வேறு. "கதவு பூட்டிகினு இருந்திச்சு நைனா, நான் எப்டி ஓடுறது?"

அண்ணன் காலடிப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "மாப்ள, ஒரு போன் போடுங்க. நம்ம பேரு நாறிப்போயிரும்லா."

இவர் போன் போடத்தான் செய்தார். "அது என் மச்சான் குடோன். இந்தச் செய்தியில என்னை எதுவும் கேக்காதீங்க. எனக்குக் காட்டவும் வேண்டாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "என் கூடப் பிறந்தவனுக்கு உதவாத படிப்பு என்ன படிப்பு?" என்று கத்தினேன்.

மறுநாள் காலை எனக்கே போன் வந்தது. அந்தச் சேனலின் வியாசர்பாடி நிருபர், எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பழகிய பெண். "தப்பா எடுத்துக்காதீங்கமா. நீங்க அண்ணன் குடோனுக்கு அடிக்கடி போவீங்கன்னு சொன்னாங்கோ. பின்கதவைப் பூட்டியா வச்சிகினு இருப்பாரு?"

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு யார் போன் என்று புரிந்துவிட்டது. பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு, கைகழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். என் பதில் அவர் காதில் விழக் கூடாதாம். ஒரு முறை முறைத்திருந்தால் வீம்புக்காவது பொய் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாரே, பாவி மனுஷன்!

திருட்டுப் பயத்தில் அண்ணன் அந்தக் கதவை எப்போதும் பூட்டியே வைப்பார். அதைச் சொன்னேன்.

மாலையில் செய்தி வந்தது. அண்ணன் பேசியதை முழுசாகப் போட்டிருந்தார்கள். கதவு பூட்டியே இருக்கும் என்று குடோனுக்குப் போய்வரும் ஒருவர் சொன்னதையும் போட்டிருந்தார்கள். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த ஒருவர் யார் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது பேஜாருதான். ஆனாலும் அன்று எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அண்ணன் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "காட்டிக்குடுத்தது உம் புருஷன்தானே?" என்றார்.

"இல்லண்ணே, நான்தான்" என்றேன்.