ரோபோவின் கன்னத்தில் ஒரு பொட்டு

தொண்ணூறுகளில், லண்டன் இல்ஃபோர்டில், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், ஒரு சாண் உயர ரோபோவைப் பார்த்து நான் வயிறெரிந்தேன்.

போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டியில், எங்கள் சங்கத்தில் வருடாவருடம் முதற்பரிசு எனக்குத்தான். அந்த வருடம் என் தங்கையின் கணவரும் புகுந்தார். தூரிகை பிடித்துப் பழகாத மனிதர், தொட்டால் விரலில் ஒட்டும்போலத் தன் ரோபோவில் துருவைத் தீட்டியிருந்தார். என் ரோபோ கடையில் வாங்கிய புல்லின்மேல் விறைப்பாக நின்றது. அவருடையதோ, குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டிய சேற்றில், அப்போதுதான் காலைப் பிடுங்கி எடுத்ததுபோல் நின்றது.

போட்டிக்குப் புறப்படும்போது தங்கை அவரை மறித்தாள்.

"பொட்டு வையாமல் கொண்டுபோகாதேங்கோ. கண்ணூறு பட்டிடும்."

"உங்கடை கைதான் பழகின கை மச்சான், நீங்களே வையுங்கோ," என்றார் அவர்.

"ஓம், தாங்கோ."

கெட்டுப்போகட்டும் என்றே, கறுப்புச் சாந்தைத் தொட்டு, அவருடைய ரோபோவின் கன்னத்தில் தாராளமாக அப்பினேன்.

நடுவராக வந்த வெள்ளைக்காரர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். கன்னத்திலுள்ள அந்தக் குண்டுக்காயம்தான் ரோபோவுக்கு உயிர் கொடுக்கிறது என்று சொல்லி, மச்சானுக்கே முதற்பரிசைக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கைக்கு வாய் மூடவில்லை.

"பாத்தியளே அண்ணை, பொட்டு வைச்சதாலதான் ஒருத்தற்றை கண்ணும் படேல்லை!"

"ஓம்," என்றேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

அதற்கு முன்பு இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசித் திரிந்தவன் நான். இப்போது வாயைத் திறப்பதில்லை. வைத்தவனுடைய கண்ணையே தடுத்த பொட்டை நான் என்னவென்று மறுப்பது?