மெட்டிக்கு விட்ட விரல்

என் இடது கால் பதினெட்டு வருஷமாக வீங்கிக் கிடக்கிறது. ஊர் அதை யானைக்கால் என்று சொல்லும். நான் கால் வீக்கம் என்று மட்டும்தான் சொல்வேன். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை எனக்கு. தங்க வருகிறவர்கள் என் காலைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பி மலையைப் பார்ப்பார்கள். என்னால் அவர்களுக்கு அவ்வளவு பக்தி.

போன வருஷம் ஒரு டாக்டர், காலில் தேங்குகிற நிணநீரை ரத்தக் குழாயில் திருப்பிவிடும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்றார். உடனே செய்ய முடியாது. மூன்று மாதம் தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, விரலிலிருந்து முழங்கால்வரை கட்டுப் போட்டு வீக்கத்தை வடிக்க வேண்டும். புண் எதுவும் வரக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டு உண்டு, ஆனால் பாதி வீக்கம் போய்விடும் என்றார். இரண்டு காலுக்கும் ஒரே ஜோடிச் செருப்புப் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாதி போனால் போதும்.

கட்டுப் போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ், "மெட்டியைக் கழட்டிடுங்கம்மா, விரலுக்கும் கட்டு வரும்" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரர் மெட்டியைக் கழட்ட சோப்புத் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தார். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே கழட்டச் சொல்றீங்களா? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கீழ்பென்னாத்தூரில் நான் பிறந்த வீட்டில், புருஷன் இருக்கும்போது மெட்டி கழட்டியவள் ஒருத்தியும் இல்லை. அவர் சோப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்தார். "சரி, அந்த ஒரு விரலை விட்டுட்டுக் கட்டறேன்" என்றார்.

வேன் ஓட்டிக் காய்த்த கை. ஆனாலும் பதமாகக் கட்டுவார். தையல் டேப்பால் கணுக்காலை அளந்து காலண்டரில் எழுதி வைப்பார். வாரத்துக்கு வாரம் அளவு கம்மியானது. இரண்டாம் மாதம் கணுக்கால் எலும்பு தெரிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கட்டில்லாத விரல் மட்டும் வீங்கியது. மெட்டி சதைக்குள் புதைந்தது. சொன்னால் கழட்டச் சொல்வார் என்று விரலில் மஞ்சள் துணி சுற்றி, "வேண்டுதல், அவிழ்க்காதீங்க" என்று பொய் சொன்னேன். வேண்டுதல் என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கால் தொடைவரை சிவந்து கொதித்தது. ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். அடியில் தோல் அறுந்து சீழ் பிடித்திருந்தது. அவர் அந்த மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காய்ச்சல் இறங்கியபோது கால் முன்னைவிட ஜாஸ்தி வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை அதே காய்ச்சல் வந்தது. டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு, "இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லம்மா, உள்ள குழாயெல்லாம் கெட்டுப்போச்சு. கட்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் வேங்கிக்கால் ஸ்டாப் வரும்வரை அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது அவர் அளப்பதில்லை. கட்டு மட்டும் தினமும் போடுகிறார், அந்த விரலையும் சேர்த்து. பதினோரு மாதமாக அந்த விரலில் மெட்டி இல்லை. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், வேன் ஓட்டுகிறார், கல்லு மாதிரி இருக்கிறார். அவர் குனிந்து கட்டும்போது அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அன்றைக்கே கழட்டியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பார்.