கேதத்துச் சோடா

எங்கள் பக்கம் வியாபாரிகள் கூட்டம் எது நடந்தாலும் என்னை மேடையில் ஏற்றாமல் விடமாட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஆனால் என் பெயர் எழுதிய லாரி இன்றைக்குத் திருச்சி ரோட்டில் போகிறது. என் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பையன் பட்டம் வாங்கியவன். அதனால் புதிதாகக் கடை வைத்த பிள்ளைகள் எல்லாம், "ஐயா, யாவாரம் பெருக ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்பார்கள்.

போன தடவை எனக்கு முன்னால் பேசிய படித்த தம்பி படம் போட்டுக் காட்டியே விளக்கினார். கூட்டம் கூடுகிற இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோங்கள், முதலில் இலவசமாக ருசி காட்டுங்கள், நாலு பேர் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இது அத்தனையையும் அந்தக் காலத்திலேயே செய்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் என் மாமா. அவரைத் தூக்கிவிட்டவன் நான். அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்.

மாமா என் ஆத்தாவுக்கு, அதாவது என்னைப் பெற்றவளுக்கு, ஒரே தம்பி. மீசை முளைக்கிற வயதில் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவித் தொழில் கற்றுக்கொண்டவர். சுதந்திரம் வந்து சில வருசம் கழித்து ஊர் திரும்பினார். குளத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்துக் கோலி சோடா போட ஆரம்பித்தார். அத்தையின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம். சங்கிலி மிசினாக மாறியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் இரும்புப் பெட்டிக்குள் பாட்டில்கள் புரண்டு புரண்டு காஸ் ஏறும். சில நேரம் ஒன்று வெடிக்கும். அதற்குப் பயந்து மாமா உடம்பெல்லாம் சாக்கைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

சரக்கு நல்ல சரக்கு. வாங்கத்தான் ஆள் இல்லை. சோடா என்றால் எங்கள் சனத்துக்கு அப்போது வயிறு உப்பினால் குடிக்கிற மருந்து. தாகத்துக்குக் கிணறு இருக்கிறது, மோர் இருக்கிறது. காசு கொடுத்துத் தண்ணீர் குடிக்கிறவனைப் பார்த்தால் பாவம், மண்டை கலங்கிப்போச்சு என்பார்கள். இன்றைக்கு என் லாரி எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

மாமா யோசித்தார். ஒரு தடவை குடித்துவிட்டால் சனம் விடாது. குடிக்க வைக்க ஒரு கூட்டம் வேண்டும். ஆடி பிறந்துவிட்டதால் கல்யாணம் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு பெரிய சம்சாரி கண்ணை மூடினார். நாலாபக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு கேதத்துக்கு ஆள் வந்தது. மழை முகம் பார்க்காத ஆடி அது. வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா மாட்டுவண்டியில் பெட்டி பெட்டியாகச் சோடாவை ஏற்றினார். மேலே நான் ஏறிக்கொண்டேன்.

யாவாரம் மட்டும் அவர் மனதில் இல்லை. "பாவம்டா, வெயில்ல நின்னு அழுகுறாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். போய் இறங்கியதும் வந்தவர்களுக்கெல்லாம் காசில்லாமல் கொடுத்தோம். கோலியைக் கட்டைவிரலாலேயே அமுக்கி உடைக்கிற வித்தை அந்த வட்டாரத்தில் என் வயதில் எனக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த பெண்கள் ஆளுக்கொரு பாட்டில் குடித்தார்கள். அதற்குப் பிறகு ஒப்பாரி ஒரு கட்டை கூடியது. "யாரு வீட்டுச் சோடாப்பா இது?" என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், "குளத்தூர் சோடா! பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கம்!" என்று நான் வாசல் அதிரக் கத்தினேன்.

"டேய், செத்த வீட்டுல என்னடா ஏலம் போடுற?" என்று ஒரு பெரியவர் என் காதைத் திருகினார். ஆனாலும் பேர் பரவிவிட்டது.

பரவியதுதான் வினை. அடுத்த வாரம் ஒருவர் தேடிவந்தார். மாமா பெஞ்சைத் துடைத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். "ஒக்கார நேரமில்லங்க. எங்க அய்யா போயிட்டாங்க. ரெண்டு பெட்டி வேணும்" என்றார் அவர். அதற்கடுத்து வந்தவருக்கும் கேதம்தான். ஆர்டர் வந்ததற்குச் சிரிப்பதா, சேதி கேட்டதற்கு வருந்துவதா என்று தெரியாமல் மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

பிறகு ஒரு பழைய சைக்கிளைப் பிடித்து, பின்னால் பெட்டியைக் கட்டி, ஊர் ஊராகப் போனார். மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து, "ஆத்தாடி, யாரு போனது?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் இருமிக்கொண்டு கிடந்த கிழவர், கட்டிலை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "நான் இன்னும் கெடக்கேன்டா! அதுக்குள்ள என்ன அவசரம்? போயி அடுத்த தெருவப் பாரு!" அவருக்கு அன்றைக்கே உடம்பு தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அதையாவது சோடாவின் கணக்கில் எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை.

பஸ் டிரைவர் ஒருவருக்கு மாமா பிரியமாக ஒரு பாட்டிலை நீட்டினார். "வண்டி எடுக்கப் போறேன். இதக் குடிச்சுட்டு நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார் அவர். தாலுகா ஆபீசுக்கு வழக்கு விசயமாக வருகிறவர்கள் எங்கள் கொட்டகை வந்ததும் ரோட்டைக் கடந்து அங்கிட்டுப் போய் நடந்தார்கள். கேதத்துச் சோடா என்று பேர் விழுந்துவிட்டது.

சாவையே நம்பிக் கடை நடத்த முடியுமா? கார்த்திகையில் திருச்சியிலிருந்து ஒரு ஆள் வந்து மிசினைத் தட்டிப் பார்த்து விலை சொல்லிவிட்டுப் போனார். அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, "திரும்பவும் கொழும்புக்கே போறேங்க்கா" என்றார்.

ஆத்தா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள். "நீ அக்கரையில இருந்தப்ப, நல்லது கெட்டதுக்கு எனக்குன்னு வந்து நிக்க யாரு இருந்தா?" கெட்டது என்று அவள் சொன்னது எதை என்று எனக்கே தெரியும். எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இரண்டு பேர் பிறந்து, நடை பழகும் முன்பே போய்விட்டார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவது கிடையாது. தங்கச்சி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. "மாமா, கேதத்துக்குக் குடுத்தது வெள்ளச் சோடா. கல்யாணத்துக்குச் செவப்பாப் போட்டுக் குடுங்க" என்றேன். மாமா மறுநாளே திருச்சிக்குப் போய்ச் சாயமும் எசன்சும் வாங்கிவந்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, சிவப்புக் கலர் போட்டார். குங்குமத்தைக் கரைத்த மாதிரி இருந்தது. இனிப்பு நாக்கைவிட்டுப் போகாது. அதை எடுத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். பெண்ணின் தகப்பன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணியத்தான மாத்திருக்க, பாட்டில் அங்கெல்லாம் போயிட்டு வந்த பாட்டில்தானப்பா" என்றார். பேச்சில் பிழை இல்லை. திரும்பி வருகிற வழியில் மாமா சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே வந்தார்.

தை மாதம் தங்கச்சிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் ஆத்தா என்னைக் கூட்டிக்கொண்டு குளத்தூர் போனாள். மாமா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஆத்தா, மாமா, அத்தை மூன்று பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "வேணாங்க்கா, பச்சப்புள்ள காரியம்" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சீர்ச் சேலையின் விலையைப் பற்றித்தான் தகராறு என்று நினைத்துக்கொண்டு, நான் வெளியே போய்ப் பாட்டில் கோலிகளை வைத்து விளையாடினேன்.

குலசாமி கோயிலில் காதுகுத்து. திருவரங்குளம் பக்கமிருந்து அப்பாவின் பங்காளிகள் எல்லாம் வந்து மரத்தடியில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேளம் முழங்கத் தாய்மாமன் சீர் வந்தது. தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, பூ, சேலை, தங்கச்சிக்குப் பட்டுப்பாவாடை. கடைசித் தட்டை அத்தை ஏந்தி வந்தாள். அதில் வெற்றிலைக்கு நடுவே, கழுத்தில் பூச்சுற்றி, சிவப்புக் கலர் பாட்டில்கள்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "இது எதுக்கு இங்க? இது எங்கெங்க போயிட்டு வந்த சோடான்னு ஊருக்கே தெரியும். சபையில வைக்கக் கூடாது. அங்கிட்டு எடுங்க."

மேளம் நின்றது. மாமாவின் மடியில் தங்கச்சி. ஆசாரி அப்போதுதான் ஊசியை எடுத்திருந்தார். மாமா தலையைத் தூக்கவில்லை. அப்பா, அண்ணனையும் பார்க்காமல் மைத்துனனையும் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். அத்தை ஒரு அடி பின்னால் வைத்தாள்.

ஆத்தா முன்னே வந்தாள். கொழுந்தன்மார், மூத்தார் முன்னால் நிமிர்ந்து பேசாதவள், பெரியப்பாவிடம் பேசவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் பேசினாள். "கொண்டா இங்கிட்டு. தாய்மாமன் சீருல ஒண்ணு வேணும், ஒண்ணு வேணாம்னு சொல்ல எனக்குத் தெரியாது." இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். கூடப்பிறந்தவன் சீரைத் திருப்பி அனுப்பு என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற பேச்சு எங்கள் பக்கத்தில் கிடையாது.

காது குத்தியாயிற்று. தங்கச்சி வீறிட்டு அழுதாள். ஆத்தா ஒரு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஒடைடா." அத்தனை பேர் பார்க்க, கட்டைவிரலால் ஒரே அமுக்கு. கோலி இறங்கியது. ஆத்தா உள்ளங்கையில் ஊற்றித் தங்கச்சியின் வாயில் வைத்தாள். தங்கச்சி அழுகையை நிறுத்தினாள். நக்கினாள். இன்னும் கொடு என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு மரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் விட்டாள்.

"பாரு, பந்தியில கடைசியா எந்திரிச்சவன் மாதிரி விடுறா!" என்று யாரோ சொல்லக் கூட்டமே சிரித்தது. பெரியப்பாவும் எவ்வளவு நேரம்தான் விறைப்பாக நிற்பார்? வெயில் வேறு. "சரி சரி, எனக்கும் ஒண்ணு ஒடைடா" என்றார். அன்று என் விரல் வீங்கிப்போனது.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குச் சேதியைக் கொண்டுபோனார்கள். தாய்மாமன் சீரிலேயே வைத்தார்களாம், பிள்ளைக்கே கொடுத்தார்களாம். மாசியில் ஒரு வளைகாப்புக்குக் கேட்டார்கள். பங்குனியில் வைகாசிக் கல்யாணங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். திருச்சி ஆள் மறுபடி வந்தபோது மாமா அவருக்கு ஒரு கலர் கொடுத்து அனுப்பிவைத்தார். அத்தையின் கழுத்துக்குச் சங்கிலி திரும்பியது. யோசனை சொன்னது நான், கூவியது நான், உடைத்துக் காட்டியது நான். மேடையில் இதோடு நிறுத்திக்கொள்வேன், கைதட்டுவார்கள்.

மேடையில் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அந்தப் பங்குனியில், சபையில் கலர் குடித்த தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஆத்தா வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "யாரு கேட்டாலும் பாப்பா தூங்குதுன்னு சொல்லு" என்றாள். நான் வாசலில் நின்று, தண்ணீருக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும், பாப்பா தூங்குது, பாப்பா தூங்குது என்று கூவினேன். சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடும் என்பதற்காகத்தான் ஆத்தா அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன். தெருவில் மாமாவின் சைக்கிள் மணி கேட்டபோதும் அவள் அவரைக் கூப்பிடவில்லை. அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. புறங்கையைத் தங்கச்சியின் கழுத்தில் வைத்து வைத்து எடுத்தாள்.

ஒரு நாள் காலையில் தங்கச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். ஆத்தா கதவை விரியத் திறந்தாள். "மாமாகிட்டப் போயி ஒரு செவப்புக் கலர் வாங்கிட்டு வா" என்றாள். அதுவரை அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. குளத்தூர்ப் பக்கம் போன வண்டியில் நான் தொற்றி ஏறிப் போய் வாங்கிவந்து உடைத்துக் கொடுத்தேன். தெருவே பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து, தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் முழுப் பாட்டிலையும் குடித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது.

"என்னாத்தா?" என்றேன்.

"காஸு மூக்குல ஏறிருச்சுடா" என்றாள்.

மறுநாள் மாமா சைக்கிளில் வந்தபோது பாதித் தெருவுக்கு ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். சரக்கில் காஸ் அதிகமாக இருக்கிறது, ஆத்தாவுக்கே கண் கலங்கிவிட்டது, இனிமேல் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று, தொழில் தெரிந்தவன் மாதிரி அவருக்குப் புத்தி சொன்னேன்.