வீமனின் வெள்ளிக்கிழமை

பின்படியில் கிடந்த அந்த எனாமல் தட்டுக்கு நீல விளிம்பு. மூன்று இடத்தில் எனாமல் பெயர்ந்திருந்தது. தட்டு ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, வெளியிலேயே கிடக்கும். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் என் மருமகள் தன் நாய்க்குப் பச்சை இறைச்சியைத் தராசில் நிறுத்துப் போட்டு, இதுதான் புது முறை என்று எனக்கு விளக்கும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் கண்முன் வருகிறது. முறை ஒன்றும் புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பாலோ என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், சுத்த சைவர் ஒருவர் தம் நாயை அப்படித்தான் வளர்த்தார்.

அவர் எங்கள் தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணியார், யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவருக்குக் கீழே கணக்கு எழுதிய சின்னக் கிராணி. அவருடைய நாய் பருப்புச் சோற்றில் மெலிந்து முடி உதிரத் தொடங்கியபோது, கறி போட்டால்தான் பிழைக்கும் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டு அடுப்பில் கறி ஏற முடியாது. வேறு வழியில்லாமல் பச்சையாகவே போட்டார். சீனர் ஒருவர் கொண்டுவரும் காட்டுப்பன்றி இறைச்சியை வாழையிலைத் துண்டால் பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு தட்டில் வைப்பார். நாய் தேறி, கழுத்து பருத்தது. வீமன் என்ற பெயர் அதன் பிறகுதான் பொருந்தியது.

கறியை வைத்தே அதைப் பழக்கவும் செய்தார். தட்டை வைத்து "இருங்கோ" என்பார். நாய் எச்சில் ஒழுக உட்காரும். "எடுங்கோ" என்ற பிறகே வாய் வைக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் வேலியோரம் நின்று சிரிப்பார்கள். "நம்மள டேய்ங்கிறாரு, நாய்க்கு மரியாதையப் பாருங்கடா!" பாடம் பாதியில்தான் நின்றிருந்தது. பத்து எண்ணும்வரை வீமன் பொறுக்கும், பதினொன்றில் பாய்ந்துவிடும். நானே பலமுறை எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் பாடம் கிடையாது. அன்று கிராணியார் விடியுமுன் குளித்து, பூசை முடித்து, நெற்றியிலும் கைகளிலும் திருநீறு பூசி, வீமனுக்கு இலையில் தயிர்ச்சோறு வைப்பார். கற்பூரமும் திருநீறும் மணக்கும் நாளில் கறி தனக்கில்லை என்பதை யாரும் சொல்லாமலே வீமன் தெரிந்துகொண்டது.

அந்த நாட்களில் லயத்தில் கோழிகள் காணாமல் போகத் தொடங்கின. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி இறகுகளை முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீசுக்கு வந்தாள். "பச்சக் கறி ருசி கண்ட நாய் கோழிய விட்டு வைக்குமாங்க?" தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை புதியவர், தமிழ் இன்னும் பிடிபடவில்லை. கிராணியார்தான் அவள் சொன்னதை மொழிபெயர்த்தார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, நாய்க்கு முன்னால் கறி வைக்க வேண்டும் என்றார் துரை. உத்தரவில்லாமல் தொட்டால் திருட்டு நாய், அங்கேயே சுடுவது. அவர் போனபின் கிராணியார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, பத்து எண்ணுறதுக்குள்ள துரை போதும் எண்டு சொல்லுவாரோ?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. கவலையில் பூசையை நீட்டிவிட்டு, உடம்பெல்லாம் திருநீறாக வந்தார். துரையின் துப்பாக்கி மேசைமேல் இருந்தது. துரையின் பங்களாச் சமையல்காரர் ஆட்டுக்கறியைத் தரையில் வைத்தார். கிராணியார் சங்கிலியை அவிழ்த்து "இருங்கோ" என்றார். நான் எண்ணினேன். பத்து, பதினொன்று, முப்பது. வீமன் அவர் கையை முகர்ந்தது. பிறகு கறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோறு வரும் வழியைப் பார்த்தது.

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். "அட, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல! கிராணி வீட்டு நாயும் விரதம்டி!" வரிசை முழுவதும் சிரித்தது. என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். அதை உள்ளபடி மொழிபெயர்த்தால் சோதனை நாளைக்குத் தள்ளிப்போகும், நாளை சனிக்கிழமை. "நாயின் ஒழுக்கத்தைப் புகழ்கிறாள், ஐயா" என்றார் கிராணியார்.

துரைக்கும் அப்படியே தோன்றியது. வீமனின் தலையைத் தட்டிக்கொடுத்து, இப்படிப்பட்ட நாய் பங்களாவில் இருக்க வேண்டியது என்றார். இனி உண்மையைச் சொன்னால் நாயின் உயிர் போகும். சொல்லாவிட்டால் நாய் போகும். கிராணியார் சங்கிலியை அவர் கையில் கொடுத்தார்.

பங்களாவில் எல்லா நாளும் கறி நாள். சில வாரங்களில், விருந்தாளிகள் இருக்கும்போதே வீமன் சாப்பாட்டு மேசையிலிருந்து வறுத்த இறைச்சியை இழுத்துக்கொண்டு ஓடியது. துரையே ஆபீசில் அதைச் சொல்லி, நல்ல பசி உள்ள நாய் என்று சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்க வேண்டிய அளவு சிரித்தோம். அந்தப் பேச்சு லயம்வரை போயிற்று.

அதே வாரம் அந்தப் பெண் மீண்டும் வந்து வாசலில் நின்றாள். "ஐயா, நேத்தும் ஒரு கோழி போச்சுங்க. உங்க நாய் இல்லீங்க போல."

"அது இப்ப துரையின்ர நாய்" என்றார் கிராணியார், நிமிராமல். "துரையிட்டப் போய்ச் சொல்லு."

"தொர நாய் திருடாதுங்களே. பசிக்குத்தானே திங்கும்."

கிராணியார் நிமிர்ந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லயத்து ஆள் ஒருவர் சொன்னதற்கு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்று அவர் மறுபடி எழுதவில்லை.