பன்னிரண்டரை மணி அதிர்வு

ராஜபாளையத்துச் செலினா பதினாறு வருடம் நூற்பாலை ஆய்வுக்கூடத்தில் நூல் எவ்வளவு இழுவைக்கு அறும் என்று சோதித்தவள். ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போயிற்று. அந்தத் தை மாதத்தில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பூமி ஆடியது. சில வீடுகளில் ஓடு சரிந்தது, ஆள்சேதம் இல்லை. அதைத் தொடர்ந்து வரும் பின்னதிர்வுகளை அளக்க வெளியூர்க் கல்லூரி ஒன்று மலையடிவாரத்தில் மூன்று வீடுகளில் கருவி வைத்தது. நாள்தோறும் போய் பேட்டரி பார்த்து, பதிவை எடுத்து அனுப்ப, செலினாவை மூன்று மாத ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள்.

பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் ஆடு வளர்த்துப் பிழைக்கும் குருவம்மாள் வீட்டில் ஒரு கருவி இருந்தது. "ஆடி முடிச்ச பூமி இன்னும் எதுக்குத் தாயி ஆடுது?" என்று முதல் நாளே கேட்டாள்.

செலினா அங்கிருந்த இரும்பு பீரோவைக் காட்டினாள். "இதத் தள்ளுனா மொதல்ல அசையாது, தரை பிடிச்சுக்கிடும். தள்ளத் தள்ள ஒரு நேரம் சடக்குனு நகந்துட்டு நிக்கும். மண்ணுக்குள்ள பாறையில பழைய வெடிப்பு இருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ண ஒண்ணு உரசிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. அழுத்தம் ஏறி, பிடி தாங்காம நழுவுனா பூமி அதிருது. அம்புட்டும் ஒரே தடவையில நழுவாது. ஒட்டிக்கிட்ட இடமெல்லாம் பொறவு ஒண்ணொண்ணா விடும். நாளாக ஆகக் கொறஞ்சிரும்."

அப்படித்தான் குறைந்தது. முதல் வாரம் நாற்பது, அடுத்த வாரம் பதினொன்று, பிறகு ஒன்றிரண்டு. ஆனால் ஞாயிறு தவிர தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு ஓர் அதிர்வு தவறாமல் வந்தது. பாறை நழுவினால் முதலில் சின்ன அலையும் பின்னால் பெரிய அலையும் வரும். இதில் பின்னால் வந்த அலை மெலிந்து கிடந்தது. ஊருக்கு மேற்கே கல்குவாரியில் வெடி வைக்கும் நேரம் அது. குருவம்மாள் வீட்டுச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது.

ஒருநாள் குவாரி மேலாளர் ராம்குமார் வந்தான். கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைக் கருவியின் மூடிமேல் வைத்தான்.

"விரிசலுக்கெல்லாம் பின்னதிர்வுதான காரணம் மேடம்? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சனங்க எங்கள விட்டுருவாங்க."

"பெட்டிய எடுங்க. அது வைக்கிறதும் பதிவாகும்."

சிரித்துக்கொண்டே எடுத்து, குருவம்மாள் கையில் திணித்தான். "பூமித்தாய் கோவம், ஆச்சி. நாம என்ன செய்ய முடியும்?" அவள் விரிசலை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

மதிய அதிர்வு குவாரி வெடிதான் என்று செலினா கல்லூரியின் திட்டத் தலைவரிடம் போனில் சொன்னாள். "மதியப் பதிவ விட்டுருங்கம்மா, நம்ம ஆய்வுக்கு அது வேண்டாம்" என்றார். சரி, ஆய்வுக்குத்தானே என்று அவளும் அவற்றை வெடி என்று பிரித்துக் குறிக்காமல் விட்டுவிட்டாள். ஆனால் பத்து நாள் கழித்து, வீட்டு விரிசல் பற்றி ஊராரையும் அழைத்து நடந்த அதிகாரிகள் கூட்டத்தில் திரையில் ஓடிய பட்டியலில் அந்த மதிய அதிர்வுகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பின்னதிர்வு'. கீழே, பதிவு எடுத்தவர் என்று அவள் பெயர். சாக்கடையில் காலை விட்டதுபோல் இருந்தது.

எழுந்து நின்றாள். "பாறைக்கு ஞாயித்துக்கிழமை லீவு கெடையாது சார். இது வெடி."

திட்டத் தலைவர் கோப்பைப் புரட்டினார். ராம்குமார் அப்போதும் சிரித்தான். பின்வரிசையிலிருந்து குருவம்மாள், "அந்தப் பிள்ள சொல்லுதது நெசம். என் செவுரு வெடிக்குப் பொறவுதான் பொளந்துச்சு" என்றாள். விசாரிப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து பன்னிரண்டரைக்கு அதிர்வு இல்லை. ஒருநாள் காலை பத்துக்கு வந்தது, மறுநாள் மூன்றரைக்கு, பிறகு ஞாயிற்றுக்கிழமையிலும். பின்னதிர்வு போலவே தெரியட்டும் என்று குவாரியில் நேரத்தை மாற்றி மாற்றி வெடித்தார்கள். அலை மட்டும் மாறவில்லை. செலினா எல்லாப் பதிவையும் படி எடுத்து, விரிசல் விட்ட ஒன்பது வீட்டார் கையெழுத்தோடு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். ரசீது கிடைத்தது. மாத முடிவில் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் ஒப்பந்தமும் முடிந்தது. குவாரி நடக்கிறது.

இப்போது வேறோர் ஆலையில் நூல் சோதிக்கிறாள். போன வாரம் கல்லூரியிலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பிரேம் போடலாமா என்று கணவன் எட்வின் கேட்டான்.

"குப்பையில போடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.